பெயரில் நிற்கும் மலை

திரைப்படத்திற்குப் பெயர் சூட்டுவது, பாட்டுக்கு முதற்சொல் தேர்வதைப் போன்ற அரிய பணியாகும். அரங்கினுள் நுழையுமுன் காண்போர்க்குக் கிடைப்பது அப்பெயர் ஒன்றே. சேலம், நாமக்கல் சமவெளி தமிழ்த்திரைக்கு ஈந்த இரு பெயர்களை நோக்கின் இவ்வுண்மை விளங்கும்.

திருச்செங்கோட்டிற் பிறந்த டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1937-இல் 'சதி அகல்யா'வை வெளியிட்டது. 1939-இல் 'மாணிக்கவாசகர்' வந்தது. அந்நாளில் பெயர் தேடி அலையவேண்டிய தேவை குறைவு. புராணத் தலைவியின் பெயரோ அடியாரின் பெயரோ போதும். கதையை மக்கள் முன்பே அறிவர்.

அதே நிறுவனம் 1950-இல் 'மந்திரி குமாரி'யை அளித்தது. குண்டலகேசிக் கதையைத் தழுவி மு. கருணாநிதி ஆக்கியது அது. படத்தில் இளவரசி உண்டு, எம்.ஜி.ஆர். ஏற்ற தளபதியும் உண்டு. ஆயினும், தன்னைக் கொல்லத் துணிந்த கணவனை மலையுச்சியிலிருந்து வீழ்த்தும் அமைச்சர் மகளே பெயருக்கு உரியவளானாள். 'குண்டலகேசி' என்றே பெயரிட்டிருப்பின் காப்பியம் கற்றோர் முடிவை முன்னரே உணர்ந்திருப்பர். புதுப்பெயரோ தலைவியைச் சுட்டிவிட்டு, அவள் செயலை மறைத்துவைத்தது.

மற்றொன்று 'மலைக்கள்ளன்'. மோகனூரில் 1888-இல் தோன்றிய நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கனார் தம் புதினத்துக்கு இட்ட பெயர் இது. கொல்லிமலையையும் சேர்வராயன் மலையையும் அன்றாடம் காணும் நம்மவர்க்கு மலை என்றால் உயர்வு. கள்ளன் என்றால் இழிவு. இவ்விரண்டையும் ஒரே தொகையில் புணர்த்தியபோதே, 'உண்மைக் கள்ளன் யார்?' என்னும் வினா பிறந்துவிட்டது. கதை முழுதும் அவ்வினாவின் விரிவேயாம்.

கோவை பட்சிராஜா நிறுவனத்தின் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954-இல் இதனைப் படமாக்கியபோது பெயரை மாற்றவில்லை. அப்படம் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் பெற்றது. பின்னர்க் கதை ஆறு மொழிகளில் உலவியது. தெலுங்கில் 'அக்கி ராமுடு' ஆயிற்று. அக்கி என்பது தீ. இந்தியில் 'ஆசாத்', அதாவது விடுதலை பெற்றவன். மலையாளத்தில் 'தஸ்கரவீரன்', கள்ளனோடு வீரம் சேர்ந்தது, மலை மறைந்தது. சிங்களத்தில் 'சூரசேன' என்னும் ஆட்பெயர் அமைந்தது. கன்னடம் மட்டுமே 'பெட்டத கள்ள' என மலையையும் கள்ளனையும் ஒருங்கே காத்தது.

இவற்றுள் எதனையும் பிழை எனல் தகாது. அவ்வம்மொழி மக்களை அழைக்கும் குரல் வேறு வேறு. எனினும் 'ஆசாத்' தலைவனைப் புகழ்ந்தே அழைக்கிறது, ஐயத்துக்கு இடமில்லை. கள்ளன் என்ற பழிச்சொல்லைத் துணிந்து ஏந்திய பெயரோ, தீர்ப்பைக் காண்போரிடமே விடுகிறது.

பெரும்பொருள் இன்றித் தாமே படமெடுக்கத் துணியும் இளைஞர்க்கும், நூலுக்குப் பெயர் நாடும் நம் கவிஞர்க்கும் இதில் பாடம் உண்டு. விளம்பரத்துக்குப் பணம் இல்லாதபோது பெயரே விளம்பரம். அது கதையைச் சொல்லிவிடவும் கூடாது. வேறெக்கதைக்கும் பொருந்திவிடவும் கூடாது. மோகனூர்க் கவிஞர் இரு எளிய சொற்களால் அதனைச் செய்து காட்டினார்.