இறந்த பின்னும் படை நடத்திய ஹைதர்

1782 டிசம்பர் 7. சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில், முதுகில் எழுந்த ராஜபிளவையால் ஹைதர் அலி காலமானார். திருப்பதிக்கு அரணாக விளங்கிய சந்திரகிரிக் கோட்டை அவ்வாண்டில்தான் அவர் வசமாகியிருந்தது. வாரிசான திப்புவோ வெகுதொலைவில், பொன்னானிப் பகுதியில் ஆங்கிலேயரோடு போரிட்டுக்கொண்டிருந்தார்.

சீட்டாட்டத்தில் தேர்ந்தவர் தம் கையிலுள்ள சீட்டை மட்டும் எண்ணி ஆடுவதில்லை. எதிராளி தம்மைப் பற்றி என்ன எண்ணுகிறார் என்பதையும் கணக்கிட்டே ஆடுவார். பூர்ணய்யா, கிருஷ்ணராவ் ஆகிய அமைச்சர்களின் கையில் அன்று சீட்டே இல்லை. ஹைதரைப் பற்றிப் பிறர் கொண்டிருந்த எண்ணம் மட்டுமே எஞ்சியிருந்தது. 1769இல் எதிர்பாராத வேளையில் சென்னையின் வாயிலில் வந்து நின்று உடன்படிக்கை பெற்றவர். 1780இல் பொள்ளிலூரில் பெய்லியின் படையை அழித்தவர். அத்தகையவர் அசையாதிருந்தாலும், அதுவும் ஒரு சூழ்ச்சியாகவே தோன்றும்.

ஆகவே அமைச்சர்கள் புதிதாக எதையும் செய்யவில்லை. வழக்கத்தை மாற்றாமல் காத்தனர். நறுமணப் பொருள்களுடன் பேழையில் வைக்கப்பட்ட உடல், கருவூலப் பொருள் செல்லும் அதே காவலோடு கோலாருக்குச் சென்றது. நோயாளி தேறிவருவதாகச் செய்தி பரப்பப்பட்டது. திப்புவின் தம்பி அப்துல் கரீமை அரியணையேற்ற உறவினர் ஒருவர் முயன்றபோது, ஹைதரின் கட்டளை என்று அறிவித்தே அவருக்கு விலங்கிட்டனர். இறந்தவரின் ஆணைக்குப் பாசறை பணிந்தது.

இரகசியம் முற்றிலும் காக்கப்பட்டதா? இல்லை. சில நாள்களிலேயே செய்தி சென்னையை எட்டியது. உடனே படையெடுக்குமாறு ஆளுநர் மெக்கார்ட்னி வற்புறுத்தினார்; தளபதி ஸ்டூவர்ட் செய்தியை நம்பத் தயங்கினார். உணவுப் பஞ்சமும் வண்டிமாடுகளின் தட்டுப்பாடும் அத்தயக்கத்திற்குத் துணை நின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், பொய்யை எதிரி முழுமையாக நம்ப வேண்டியதில்லை, மெய்யை அவன் ஐயுற்றாலே போதும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகிறது.

1783 ஜனவரியில் திப்பு பாசறையை அடைந்து, எதிர்ப்பின்றிப் பொறுப்பேற்றார். ஸ்டூவர்ட்டின் படை களத்தில் அவரை எதிர்கொண்டது பிப்ரவரியில்தான். அதற்குள் மைசூருக்கு உயிருள்ள மன்னர் ஒருவர் வாய்த்துவிட்டார்.