ஓடுபாதைக்கு முந்திய வீதி: சக்கர நாற்காலி ஓட்டமும் கற்பிட்டிக் கரையும்

சக்கர நாற்காலி ஓட்டத்தின் வரலாற்றைப் பதக்கப் பட்டியலாக எழுதுவது வழக்கம். அப்படி எழுதப் புகுந்தால் இலங்கைக்கு அதில் ஒரு வரியும் தேறாது. 2012இல் பிரதீப் சஞ்சய 400 மீற்றரில் பெற்ற வெண்கலம், டோக்கியோவில் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் ஈட்டியெறிந்து உலக சாதனையோடு வென்ற தங்கம் என, பராலிம்பிக்கில் நமக்குக் கிடைத்தவை யாவும் நின்று ஆடுவோர் பிரிவுகளில் வந்தவை. நாற்காலியில் இருப்பவர்கள் எங்கே போனார்கள்? விடையை மைதானத்துக்குப் போகும் வழியில்தான் தேட வேண்டும் என்பது என் கருத்து.

இந்த விளையாட்டு பிறந்தது மருத்துவமனையில். போரில் முள்ளந்தண்டு சிதைந்தவர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை அளித்த லுட்விக் குட்மன், இலண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்றே 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1964 டோக்கியோ பராலிம்பிக்கில் நாற்காலி ஓட்டம் சேர்ந்தது; தூரம் வெறும் 60 மீற்றர். அதை வீதிக்குக் கொண்டுவந்தவர் நாற்காலி ஓட்டக்காரர் பொப் ஹோல். 1975 பொஸ்டன் மரதனில், மூன்று மணிநேரத்துக்குள் வந்தால் மட்டுமே சான்றிதழ் என்றார் ஏற்பாட்டாளர். ஹோல் 2 மணி 58 நிமிடத்தில் வந்து சேர்ந்தார். போட்டியில் இடம் கேட்பதே உரிமைப் போராட்டமாக மாறிய தருணம் அது.

தெற்காசியாவில் மருத்துவமனை, உரிமைப் போராட்டம் என்ற இந்த இரண்டையும் ஒரே வாழ்க்கையில் காண வேண்டுமானால் மாலதி கிருஷ்ணமூர்த்தி ஹொள்ளாவைப் பார்க்க வேண்டும். 1958இல் பிறந்தவர், பெங்களூர்க்காரர். ஒன்றரை வயது நிறையுமுன் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. இரண்டு ஆண்டுகள் மின்னதிர்ச்சிச் சிகிச்சை. மேலுடல் தேறியது, இடுப்புக்குக் கீழ் தேறவில்லை. பிறகு சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தில் 15 ஆண்டுகள். முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். அங்கிருந்து வெளியே வந்தவர்தான் சியோல், பார்சிலோனா, ஏதென்ஸ், பெய்ஜிங் பராலிம்பிக்குகளுக்குப் போனார். 1989இல் டென்மார்க்கில் 200 மீற்றர் ஓட்டம், குண்டு, பரிதிவட்டம், ஈட்டி எல்லாவற்றிலும் தங்கம் வாங்கினார். 1995இல் அர்ஜுனா விருது, 2001இல் பத்மஸ்ரீ.

ஒருவரே ஓடவும் எறியவும் செய்ததைப் பல்துறைத் திறன் என்று புகழ்வார்கள். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. மேற்கில் அதே காலத்தில் ஓட்ட நாற்காலி மூன்று சக்கரமும் நீண்ட சட்டமும் கொண்ட தனி இயந்திரமாக மாறிக்கொண்டிருந்தது. ஒரே போட்டியில் ஊன்றிப் பயில்வதற்கு அந்த நாற்காலியும் பயிற்றுநரும் ஓடுபாதையும் வேண்டும். மாலதிக்கு வங்கி வேலை இருந்தது. அவர் தொடங்கிய மாத்ரு அறக்கட்டளை கிராமத்து மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு இடமும் படிப்பும் கொடுத்ததே தவிர, வீராங்கனைகளை உருவாக்கும் முகாமாக எண்ணப்பட்டதல்ல. முதலில் எது வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இலங்கையில் மைதானத்துக்குப் போகும் வழியைத் திறக்கும் வேலையைச் செய்தவர் ஓட்டக்காரர் அல்லர். கிரிக்கெட் நடுவரும் இரசாயனவியலாளருமான அஜித் பெரேராவின் கார்மீது 1992இல் வீதியோர மரம் விழுந்தது, அன்றிலிருந்து நாற்காலி. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமையைச் சொன்னது, 2006 ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் கேட்டன. இரண்டும் தாளில் கிடந்தன. பெரேரா 2009இல் அடிப்படை உரிமை மனுவோடு உயர் நீதிமன்றம் போனார். 2011 ஏப்ரல் 27 அன்று, புதிய பொதுக் கட்டடங்கள் அணுகத்தக்கனவாக இருக்க வேண்டும் என்ற உத்தரவு கிடைத்தது.

கற்பிட்டிக் குடாநாட்டில் நின்று இவற்றைப் படித்தால், வழி எங்கே என்ற கேள்வி கூர்மையாகிறது. பாலாவியிலிருந்து இங்கு வரும் வீதி ஏறத்தாழ 40 கிலோமீற்றர், ஏற்ற இறக்கமில்லாதது. ஓட்ட நாற்காலிக்கு இதைவிடத் தோதான தரை தேடினாலும் கிடைக்காது. ஆனால் வீதியை விட்டு இறங்கினால் மணல், முன்சக்கரம் புதையும். தலவில அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்கு வருபவரும் அந்த மணலைக் கடந்தாக வேண்டும். காயம்படுவோரும் இங்கே போர்முனையிலிருந்து மட்டும் வருவதில்லை. கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்குபவர் அவசரமாக மேலெழுந்தால், உடலுக்குள் நைதரசன் குமிழியாகி முள்ளந்தண்டைத் தாக்கி இடுப்புக்குக் கீழ் செயலிழக்கலாம். குட்மனின் நோயாளிகளுக்கு வந்த அதே முடிவு.

ஆகவே இனி ஆராய வேண்டிய ஆவணம் பதக்கப் பதிவேடல்ல. 2011க்குப் பிறகு இந்தக் குடாநாட்டில் கட்டப்பட்ட விடுதிகள், பாடசாலைகள், மருந்தகங்களுக்குப் பிரதேச சபை அனுமதித்த வரைபடங்களை எடுத்து, எத்தனையில் சாய்தளம் வரையப்பட்டிருக்கிறது, அவற்றுள் எத்தனை கட்டப்பட்டன என்று பார்க்க வேண்டும்.