கவுல் வாங்கிய ஏரி

செங்கல்பட்டுச் சீமையில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரைக்கு இரண்டு ஏரிகளில் பேர் உண்டு. ஒன்று மதுராந்தகம். அடைமழையில் ஏரி உடையும் நிலைக்கு வந்தபோது, வில்லும் அம்புமாக இராமரும் இலக்குவனும் கரையில் காவல் நின்றதை அந்தக் கலெக்டர் கண்டாராம். அதற்கு நன்றியாகத் தாயார் சன்னிதியைக் கட்டிக்கொடுத்தாராம். ஏரிகாத்த ராமர் கோயிலில் இன்றும் சொல்லப்படும் கதை இது. அவர் பேரைத் தாங்கிய கல்வெட்டும் அங்கே இருக்கிறது. இன்னொன்று, அதே மதுராந்தகம் வட்டாரத்தில் உள்ள வேடந்தாங்கல். அங்கே அவர் விட்டுச்சென்றது கல்வெட்டு இல்லை, ஒரு காகிதம். இராமர் கதை அறிந்த பலருக்கு இந்தக் காகிதத்தின் கதை தெரியாது. கார்த்திகை முதல் மாசி வரை தொலைநோக்கியும் கேமராவுமாக அந்தக் கரையில் நிற்கும் ஒவ்வொருவரும் அதற்குக் கடன்பட்டவர்கள்.

பிளேஸ் 1794 முதல் 1798 வரை கும்பினி ஜாகீரின், அதாவது இந்தச் சீமையின், கலெக்டராக இருந்தார். கெடுபிடியான ஆள்; வரி வசூலில் கண்டிப்பு; அதே சமயம் ஏரி சீராக இருந்தால்தான் வரி வரும் என்பதை உணர்ந்து, பல ஏரிகளைச் செப்பனிட வைத்தவர். அவரிடம் வேடந்தாங்கல் ஊரார் ஒரு புகாரோடு போனார்கள். துப்பாக்கியோடு வரும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரியில் கூடு கட்டியிருக்கும் பறவைகளைச் சுட்டுத் தள்ளுகிறார்கள், இதைத் தடுக்க வேண்டும் என்பதே புகார். பறவை செத்தால் உங்களுக்கு என்ன நட்டம் என்று கேட்ட கலெக்டரை அவர்கள் ஏரிக்கே கூட்டிப்போய், பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீரையும் அது பாயும் வயலையும் காட்டியதாக ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். 1798-இல் பிளேஸ் கவுல் எனப்படும் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஏரியில் யாரும் பறவையைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. மீறினால் தடுக்கும் உரிமை ஊராருக்கு உண்டு.

பறவைகள் மேல் இருந்த இரக்கத்தால் மட்டும் ஊரார் இதைக் கேட்டதாக எழுதுவது அவர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அவர்கள் கணக்குத் தெரிந்த விவசாயிகள். ஏரி பெரிதல்ல; சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர்தான். அந்தச் சின்ன நீர்ப்பரப்பின் மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் மாதக்கணக்கில் தங்கிக் குஞ்சு பொரிக்கின்றன. சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் பிடித்துத் தின்ற மீன், நத்தை, தவளை எல்லாம் எச்சமாக இந்த ஒரே ஏரியில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்தத் தண்ணீர் மதகு வழியாக நஞ்சைக்குப் பாய்ந்தால், தனியே எரு சுமக்க வேண்டிய வேலை குறைகிறது. யூரியா மூட்டை வருவதற்கு நூறாண்டுகளுக்கும் மேல் முந்தைய காலத்தில் இதன் மதிப்பு என்னவாக இருந்திருக்கும் என்பதை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள் எளிதில் ஊகிப்பார்கள்.

கலெக்டரிடம் போய் நின்ற துணிவு எங்கிருந்து வந்தது? அந்த வட்டாரத்தின் வரலாற்றைப் பார்த்தால் வியப்பு குறையும். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த உத்திரமேரூர் அங்கிருந்து தொலைவில் இல்லை. 1767-க்கும் 1774-க்கும் இடையில் தாமஸ் பர்னார்டு ஜாகீர் கிராமங்களை அளந்து எழுதிய கணக்குகளிலும், களத்துமேட்டில் நெல்லைப் பங்கிடும்போது ஏரிப் பராமரிப்புக்கென ஒரு பங்கை ஒதுக்கும் வழக்கம் பதிவாகியிருக்கிறது. ஏரி என்பது ஊரின் சொத்து, அதன் நிர்வாகம் ஊரின் பொறுப்பு என்று பழகிய மக்கள் அவர்கள். எனவே அவர்கள் சலுகை கேட்டதாகத் தோன்றவில்லை. கைவசம் இருந்த உரிமைக்குப் புதிய அரசிடம் எழுத்துச் சான்று கேட்டார்கள் என்பதே பொருத்தமான வாசிப்பு.

அந்த முதல் கவுல் எப்படியோ தொலைந்துபோனது. துப்பாக்கிக்காரர்கள் வந்தால் நீட்டிக் காட்டக் கையில் எதுவும் இல்லை. ஊரார் மறுபடி அலைந்து, 1858-இல் அப்போதைய கலெக்டரிடம் புதுப்பித்து வாங்கினார்கள். பிளேஸுக்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு தலைமுறை கடந்திருந்தும் அந்தக் காகிதத்தின் நினைவு ஊரில் மங்கவில்லை. அரசு ஆவணம் காணாமல் போகலாம். ஆயக்கட்டுக்காரர்களின் ஞாபகம் அவ்வளவு சுலபத்தில் போகாது.

பறவைகள் இங்கே வருவதற்கான காரணம் ஏரியின் அமைப்பிலேயே இருக்கிறது. நீருக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலும் நிற்கின்றன. மாதக்கணக்கில் அடிமரம் மூழ்கிக் கிடந்தாலும் நீர்க்கடம்பு தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைந்ததும் ஒவ்வொரு மரமும் ஒரு தீவாகிறது. பூனையும் நாயும் நெருங்க முடியாது. நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, பாம்புத்தாரா, கூழைக்கடா, சங்குவளை நாரை என்று ஒரே மரத்தில் பல இனங்கள் அடுக்கடுக்காகக் கூடு கட்டுகின்றன. இவை கூடு கட்டிக் குஞ்சு வளர்க்க வருபவை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்ற வாத்துகள் வேறு கணக்கு. மத்திய ஆசியா, சைபீரியப் பக்கம் நீர்நிலைகள் உறையும் காலத்தில் குளிருக்குத் தப்பி வந்து, இங்கே மேய்ந்து, கூடு கட்டாமலேயே வெயில் ஏறும் முன் வடக்கே திரும்பிவிடுகின்றன. இங்குள்ள எல்லாப் பறவைகளையும் வெளிநாட்டு விருந்தாளிகள் என்று சொல்லும் பழக்கம் தவறானது. மரத்தை நிறைத்திருக்கும் கூட்டத்தின் பெரும்பகுதி நம் நாட்டுப் பறவைகளே.

மழை பொய்த்தால் பறவைகளும் பொய்க்கும். ஏரி நிரம்பாத ஆண்டுகளில் மரங்கள் வெறிச்சோடிக் கிடக்கும்; கரையில் வந்து நிற்பவர்கள் கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடுவார்கள்.

கவனித்துப் பார்ப்பதற்காகவே வருகிறவர்கள் இந்த வரலாற்றில் வெகு தாமதமாகத்தான் நுழைகிறார்கள். 1936-இல் அரசு ஏரியைப் பறவைகள் புகலிடமாக ஏற்றது. 1962-இல் வனச் சட்டத்தின்கீழும், பின்னர் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழும் அதற்குச் சரணாலயத் தகுதி வந்தது. இதற்கிடையில் அந்தக் கரையை எழுத்தில் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். சென்னையில் இருந்துகொண்டு 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கைப் பத்தி எழுதியவர். வேடந்தாங்கலைப் பற்றி அவர் எழுதிய கையேட்டைச் சென்னை வனத்துறை வெளியிட்டது. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் தொகுத்திருக்கிறார். பறவையைப் பற்றி எழுதுபவன் முதலில் பறவையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில் கிருஷ்ணன் காட்டிய பிடிவாதம், தமிழில் இத்துறைக்கு வந்தவர்கள் மறக்கக்கூடாத ஒன்று.

1978-இல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி உருவானபிறகு சென்னையிலிருந்து கூட்டமாகப் போய்ப் பார்க்கும் பழக்கம் வேரூன்றியது. 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, சனவரி மாதத்தை எண்ணிக்கைக்கான மாதமாக ஆக்கியது. 2015 முதல் பொங்கல் விடுமுறையிலேயே பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளும் அதில் பங்கெடுக்கிறார்கள். ஊருக்குப் போன இடத்தில், கண்மாய்க் கரையில் நின்று எத்தனை கொக்கு, எத்தனை முக்குளிப்பான் என்று எழுதிவைக்கிற ஒரு தலைமுறை உருவாகியிருப்பது சின்ன விஷயமல்ல. வேடந்தாங்கலைப் போல வேறு ஊர்களிலும் பறவையும் ஊரும் சேர்ந்து வாழ்கின்றன. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கூட்டில் இருக்கும் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

வேடந்தாங்கல் 2022-இல் ராம்சர் எனப்படும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பக்கத்திலுள்ள கரிக்கிளியும் அதே ஆண்டில் சேர்ந்தது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால்தான் சரணாலயத்தின் எல்லை குறித்துப் பெரிய சர்ச்சை கிளம்பியது. 1998 அறிவிக்கையின்படி சரணாலயம் என்பது அந்த 74 ஏக்கர் மட்டுமல்ல. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டாரம் முழுவதும் அதில் அடங்கும். தனியார் வயல்களும், வீடுகளும், சிறு ஏரிகளும் உள்ளே இருக்கின்றன. இந்த வட்டத்தைக் குறுக்கும் முன்மொழிவு 2020-இல் வந்தபோது இயற்கை ஆர்வலர்கள் பலரும் எதிர்த்தார்கள்.

எதிர்ப்புக்கு வலுவான காரணம் இருந்தது. கூடு ஏரிக்குள் இருக்கிறது. இரை ஏரிக்குள் இல்லை. நத்தைகுத்தி நாரைக்கு வயல் நத்தை வேண்டும். கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் பக்கத்து ஏரிகளின் மீன் வேண்டும். ஒவ்வொரு நாளும் பலமுறை வெளியே பறந்து இரை கொண்டுவந்தால்தான் குஞ்சு பிழைக்கும். அந்த வயல்களில் பூச்சிக்கொல்லி கூடினாலும், தொழிற்சாலைக் கழிவு கலந்தாலும், சிறு ஏரிகள் மனைகளானாலும், வேலி போட்டுக் காத்த 74 ஏக்கரில் காலிக் கூடுகள்தான் மிஞ்சும். 1798-இல் துப்பாக்கியோடு வந்தவனை ஊரார் கரையிலேயே மறித்து நிறுத்த முடிந்தது. 5 கிலோமீட்டருக்கு அப்பால் கால்வாயில் கழிவு கலப்பதைத் தடுக்கும் அதிகாரம் இன்று ஊராரிடம் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நீர்வளத்துறை, வேளாண்துறை, வருவாய்த்துறை என்று நாலைந்து அலுவலகங்களில் அது பிரிந்து கிடக்கிறது.