வார்ப்பிரும்பு புல்லட் எஞ்சின் மறுசீரமைப்பு

வார்ப்பிரும்பு புல்லட் என்பது சென்னை திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரான ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு வழங்கும் பெயர். இதன் கொள்ளளவு 346 சிசி. சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. அதன் மேல் அமரும் ஹெட் அலுமினியக் கலவை. துளை 70 மி.மீ., வீச்சு 90 மி.மீ.

வரலாறு

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு, 1932இல் புல்லட் என்ற பெயரை முதலில் பயன்படுத்தியது. பின்சக்கர சஸ்பென்ஷன் கொண்ட 350 சிசி வண்டி 1949இல் விற்பனைக்கு வந்தது. இந்திய இராணுவம் அதை வாங்கத் தொடங்கியதை அடுத்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் அதே எஞ்சின் தொடர்ந்து வார்க்கப்பட்டு, 1977இல் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. அடிப்படை வடிவம் இத்தனை காலம் மாறாததால்தான் பழைய வண்டிக்கும் இன்று பாகங்கள் கிடைக்கின்றன.

கேஸ்கெட்

இரண்டு உலோக முகங்களுக்கு நடுவே வாயுவும் எண்ணெயும் கசியாதபடி வைக்கும் மெல்லிய தகடு கேஸ்கெட். பட்டறைகளில் இதைப் பேக்கிங் என்பார்கள். எண்ணெய் மட்டும் படும் மூடிகளுக்குத் தாள் போதும். தாளை மூடியின் மேல் விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியால் விளிம்பை மெல்லத் தட்டினால் அதே வடிவில் வெட்டுப்படும். எரிப்பு வெப்பத்தைத் தாங்க வேண்டிய ஹெட்டுக்குப் பழைய எஞ்சின்களில் தாமிரமோ, கல்நார் சேர்ந்த தகடோ இருந்தது. ஒருமுறை இறுகிய தாமிரம் கெட்டிப்பட்டுவிடும். அதைச் சிவக்கக் காய்ச்சி நீரில் போட்டால் மீண்டும் இளகும். எஃகுக்கு இதற்கு நேர்மாறு.

கல்நார் தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். பிரிட்டன் 1999இல் அதன் பயன்பாட்டை முற்றாகத் தடை செய்தது. புதிய கேஸ்கெட்டுகள் கல்நார் இல்லாமல் வந்தாலும், பழைய எஞ்சினைத் திறப்பவர் சுரண்டுவது அந்தக் காலத்துத் தகட்டைத்தான். உலர்ந்த நிலையில் எமரி தாள் போட்டுத் தேய்ப்பதோ காற்றடித்து ஊதுவதோ கூடாது. நன்றாக நனைத்து, முகக்கவசம் அணிந்து, துண்டுகளாக எடுக்க வேண்டும்.

புல்லட் என்றாலே எண்ணெய் ஒழுகும் என்று கேலி செய்வதுண்டு. பழி பெரும்பாலும் கேஸ்கெட் மீது விழுகிறது. அது பாதி உண்மைதான். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தால் எரிந்த வாயு கீழே இறங்கி கிராங்க் பெட்டியில் அழுத்தத்தைக் கூட்டும். அதை வெளியேற்றுவது வாத்தின் அலகு போன்ற ஒரு சிறு ரப்பர் வால்வு. அந்த ரப்பர் விறைத்துப்போனால் எண்ணெய் கிடைத்த இணைப்பு வழியாகவெல்லாம் வெளியே வரும். சிலிண்டரைக் கவனிக்காமல் கேஸ்கெட் செட் மட்டும் மாற்றினால் சில மாதங்களில் பழைய கதைதான்.

பாகங்களைப் புதுப்பித்தல்

தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் ரீபோர் செய்து, 0.020 அல்லது 0.040 அங்குலம் பெரிய பிஸ்டன் போடுவது வழக்கம். ஹெட்டின் முகம் வளைந்திருந்தால், தடித்த கண்ணாடியின் மேல் எமரி தாளை ஒட்டி அதில் தேய்த்துச் சமப்படுத்தலாம். அதிகம் தேய்த்தால் அமுக்க விகிதம் ஏறிவிடும்; ஆலையில் அது 6.5:1. சிலிண்டருக்கு அடியிலுள்ள தாளின் தடிமன் மாறினாலும் தள்ளுகோல்களின் இடைவெளி மாறும். ஆகவே எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டேப்பெட்டைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும்: கோல் விரலால் எளிதில் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

அலுமினிய மூடிகளுக்குப் பஃபிங் செய்தால் கண்ணாடி போலப் பளபளக்கும். ஆனால் பளபளப்பில் ஆசை வைத்து மூடியில் எழும்பிய எழுத்துகளை மழுக்கிய வண்டிகள் ஏராளம். கிராங்க் பெட்டியின் இரு பாதிகளும் ஒரே ஜோடியாகக் கடையப்பட்டவை. ஒன்றை வேறொரு எஞ்சினிலிருந்து எடுத்துப் போட்டால் தாங்கிகள் நேர்கோட்டில் நிற்காது. அந்தப் பெட்டியில் பொறித்த எஞ்சின் எண்ணின் மேல் பஃபிங் சக்கரம் படவே கூடாது. ஆர்சி புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க அது தெளிவாக இல்லையென்றால், எவ்வளவு அழகாகச் சீரமைத்த வண்டியும் பெயர் மாற்றத்தின்போது நின்றுவிடும்.