கடைசல் எந்திரமும் வாடகைக் காரும்

சென்ற ஆண்டு ஐப்பசியில் பழநிக்குச் செல்வதற்காகக் கோவை காந்திபுரத்தில் ஒரு வாடகைக் காரை அமர்த்தினோம். கிணத்துக்கடவை நெருங்கும்போது வண்டி இருமுறை குலுங்கி, வேகம் இழந்து, பிறகு ஒன்றுமே நடவாதது போல ஓடத் தொடங்கியது. ஓட்டுநர் நாற்பதை ஒட்டிய வயதினர். "வாங்குன நாள்லிருந்தே இப்படித்தானுங்க சார். பதினோரு தடவை சர்வீசுக்கு உட்டாச்சு" என்றார். பொள்ளாச்சியில் தேநீர் அருந்த நிறுத்தியபோது, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்துக் காட்டினார். பதினோரு ஜாப் கார்டுகள் நாள்வாரியாக அடுக்கப்பட்டிருந்தன.

"காலேஜு வாத்தியாருங்கறீங்க. இதுக்குக் கன்ஸ்யூமர் கோர்ட்டுல கேஸு போட முடியுங்களா?"

நாம் தமிழ் நடத்துபவர், சட்டம் படித்தவரல்லர். விசாரித்துச் சொல்கிறோம் என்றோம். எத்தனை வண்டிகள் வைத்திருக்கிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டதற்கு, "ரெண்டுங்க. பழைய வண்டிய மச்சான் ஓட்டறானுங்க. இத நானே ஓட்டறேன்" என்றார். அந்த விடைக்குள் எவ்வளவு பெரிய வழக்கு அடங்கியிருக்கிறது என்பது அப்போது நமக்குத் தெரியாது. தேடத் தொடங்கியபோது நாம் சென்று சேர்ந்த இடம் டெல்லியுமன்று, சென்னையுமன்று. காந்திபுரத்திலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள பீளமேடு!

வாங்குபவன் விழிப்பாக இரு

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம்தான் நெடுங்காலம் கார் வாங்கியவருக்கு இருந்த ஒரே துணை. 'வாங்குபவன் விழிப்பாக இருக்கட்டும்' என்ற பழைய ஆங்கிலேயக் கொள்கை அதன் அடிநாதம். வாங்குபவரின் தேவைக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்று 16ஆம் பிரிவு ஓரிடத்தில் சொல்கிறது. ஆனால் இன்ன வணிகப் பெயருடைய பொருள் வேண்டும் என்று கேட்டு வாங்கினால் அந்தப் பொறுப்பு இல்லை என்று அதே மூச்சில் விலக்கும் அளிக்கிறது. காரைப் பெயர் சொல்லாமல் யார் வாங்குவார்? போதாக்குறைக்கு, விற்பனை ஒப்பந்தம் முகவரோடுதான். வண்டியைச் செய்தவரோ சட்டத்தின் கண்ணில் மூன்றாம் மனிதர்.

இந்தச் சுவர் பிற நாடுகளிலும் இருந்தது. நியூயார்க் மாநிலத்தில், மரச் சக்கரம் ஒடிந்து காயமுற்ற ஒருவர் ப்யூக் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 1916இல் நீதிபதி கார்டோசோ அதில் முதல் பெரும் உடைப்பை ஏற்படுத்தினார். காரைச் செய்தவர் தம்மிடம் நேரில் வாங்கியவருக்கு மட்டுமன்றி, அதை ஓட்டப் போகிறவருக்கும் கடமைப்பட்டவர் என்றது அத்தீர்ப்பு. நம் நாட்டில் அந்த எண்ணம் எளிய மனிதருக்குப் பயன்படும் வடிவம் பெற இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் கார் விற்பனையையும் விநியோகத்தையும் 1959ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு ஆணை ஆண்டது. அம்பாசடரோ ஃபியட்டோ கேட்டுப் பணம் கட்டியவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். வண்டி கிடைப்பதே பாக்கியம் என்றிருக்கையில் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

கொங்கு நாடு இதற்குத் தன் போக்கில் ஒரு விடை கண்டிருந்தது. உணவு விடுதியில் வேலை செய்து சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்த கோ. துரைசாமி நாயுடுவின் கதையை அறியாத கோவைக்காரர் இல்லை. ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கினார். முறையிடுவதைவிடக் கழற்றிப் பார்ப்பது மேல் என்பதே இந்த மண்ணின் பாடமாயிற்று. ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லும் மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் இருக்கும் ஊரில் நீதிமன்றப் படியை யார் ஏறுவார்? இது பெருமைதான். ஆனால் செய்தவர் சுமக்க வேண்டிய செலவை வாங்கியவரே மௌனமாகச் சுமந்தார் என்பதும் இந்தப் பெருமைக்குள் ஒளிந்திருக்கிறது.

நுகர்வோர் என்ற சொல்

1986 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. மாவட்ட மன்றம், மாநில ஆணையம், தேசிய ஆணையம் என மூன்று படிகள். மனுதாரர் வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடலாம். தொடக்கத்தில் கட்டணமும் இல்லை. குறையை நீக்கித் தருதல், புதிய பொருள் தருதல், விலையைத் திருப்பித் தருதல், இழப்பீடு தருதல் என்று நான்கு விதமாகவும் ஆணையிடலாம். மாவட்ட மன்றத்தின் வரம்பு அன்று 1 லட்ச ரூபாய். 1983இன் இறுதியில் வெளிவந்த மாருதி 800 ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய்க்கு விற்றது என்பதை நினைத்தால், ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கார் இந்தச் சிறு மன்றத்துக்குள் அடங்கியதை உணரலாம். விலை ஏற ஏற வரம்பும் ஏறியது. 1993இல் 5 லட்சம், 2003இல் 20 லட்சம் என்றாகி, 2021 டிசம்பரில் வந்த விதிகளின்படி செலுத்திய விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம்.

ஆங்கிலச் சட்டச் சொல்லுக்குத் தமிழில் 'நுகர்வோர்' என்று பெயர்த்தவர் யாராயினும் நல்ல தமிழறிந்தவர். நுகர்தல் என்றால் துய்த்தல். மலரின் மணத்தை முகர்தலும் நுகர்தலே. பொருளைத் தன் உடலாலும் உணர்வாலும் அனுபவிப்பவன் நுகர்வோன். விற்பதற்காக வாங்குபவன் நுகர்வோன் ஆகான். அங்காடி வணிகன் பூவைத் தொடுகிறான், நுகர்வதில்லை. சட்டமும் இதையே சொன்னது: மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்குபவர் நுகர்வோர் அல்லர்.

அப்படியானால், காரை ஓட்டிப் பிழைப்பவன் யார்? அவன் நுகர்கிறானா, வணிகம் செய்கிறானா?

பீளமேட்டு எந்திரம்

1990 மே மாதம், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற தனியுரிமைத் தொழிற்கூடம், கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் கணினி வழி இயங்கும் கடைசல் எந்திரம் ஒன்றைக் கேட்டு ஆணை கொடுத்தது. விலை 21 லட்ச ரூபாய். பட்டயப் பொறியாளர்களுக்கான சுயதொழில் திட்டத்தின் கீழ் தொடங்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட சிறு தொழில் அது. எந்திரம் தாமதமாக வந்தது, வந்ததும் குறையுடையது என்பது அதன் புகார். மகாராஷ்டிர மாநில ஆணையம் 2.48 லட்ச ரூபாய் வழங்க உத்தரவிட்டது. வாங்கியவர் நுகர்வோரே அல்லர் என்று தேசிய ஆணையம் அதை நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

இதற்கிடையே 1993இல் ஓர் அவசரச் சட்டமும் அதையொட்டிய திருத்தமும் வந்தன. சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தாமே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்தில் ஒரு விளக்கம் சேர்ந்தது. அந்த விளக்கத்துக்குப் பொருள் காணும் பணி பீளமேட்டு எந்திர வழக்குக்கு வாய்த்தது.

1995 ஏப்ரல் 4 அன்று நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு இன்றுவரை இத்துறையில் எல்லைக் கல்லாக நிற்கிறது. ஆட்டோவையோ டாக்சியையோ லாரியையோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் நுகர்வோரே. முழுக்க முழுக்க இன்னொருவர் ஓட்டுவதற்காக வாங்கினாலோ அவர் நுகர்வோர் அல்லர். கடைசல் எந்திரத்துக்கும் இதே அளவுகோல். வாங்கிய பொருளின் விலை முடிவு செய்வதில்லை. அது எதற்குப் பயன்படுகிறது என்பதே முடிவு செய்கிறது. அதை வழக்குக்கு வழக்கு ஆராய வேண்டும் என்றது நீதிமன்றம்.

மனுதாரர் இந்த அளவுகோலில் தேறவில்லை. எந்திரம் குறையுடையதா இல்லையா என்ற கேள்விக்குள் உச்ச நீதிமன்றம் செல்லவில்லை. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம், இதுவரை செலவான காலத்தைக் காலவரம்பில் கழித்துக் கேட்கலாம் என்று வழிகாட்டி அனுப்பியது. அந்த வழக்கில் நம் ஊர் எதிர்மனுதாரர் தரப்பில் நின்றது. ஆனால் அங்கே எழுதப்பட்ட வரிகளின் நிழலில் இன்று நிற்பவர்கள் நம் ஊர் ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களும்தாம்.

இரண்டாவது வண்டி

கொங்கு நாட்டின் உழைப்பாளி வரலாறே இந்த எல்லைக் கோட்டைத் தாண்டும் வரலாறு என்று சொல்லலாம். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் கிளீனராகச் சேர்ந்தவர் ஓட்டுநர் ஆகிறார். ஓட்டுநர் கடன் வாங்கி ஒரு லாரிக்கு உரிமையாளர் ஆகிறார். பிறகு இரண்டாவது வண்டி. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளின் கதையும் இதுவே, கோவையின் லேத் பட்டறைக் கதையும் இதுவே. இரண்டாவது வண்டி வந்த நாளில் ஊர் அவரை முதலாளி என்கிறது. சட்டமும் ஏறத்தாழ அதையே சொல்கிறது! 1920இல் ஒற்றைப் பேருந்தைத் தாமே ஓட்டிய ஜி.டி. நாயுடு இந்த அளவுகோலின்படி நுகர்வோர்; யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஒரு பெரும் நிறுவனமாக வளர்ந்த நாளில் அவர் நுகர்வோர் அல்லர். ஆனால் நாயுடுவாக வளர்ந்தவர் ஒருவர். இரண்டு வண்டியோடு, இரண்டுக்கும் தவணை கட்டிக்கொண்டு நின்றுவிட்டவர் ஆயிரம் பேர்.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் டெய்ம்லர் கிரைஸ்லர் இந்தியா வழக்கில், ஒரு நிறுவனம் தன் இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய சொகுசுக் கார் வணிக நோக்கத்துக்கானது ஆகாது, அந்த நிறுவனம் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தர்க்கத்தில் பிழை காண முடியாது. அந்தக் கார் ஈட்டுவதற்கன்று, துய்ப்பதற்கு. சொல்லின் நேர்ப்பொருளிலேயே அது நுகர்வு. ஆயினும் விளைவை எண்ணிப் பாருங்கள். ஆலை முதலாளி ஆலையின் பெயரில் வாங்கிய கார் கெட்டால் ஆணையத்தின் கதவு திறக்கிறது. இரண்டாவது வாடகைக் காரை மைத்துனரிடம் கொடுத்தவர், முதலில் தம்மை நுகர்வோர் என்று நிரூபித்த பிறகே தம் காரைப் பற்றிப் பேச முடிகிறது.

கதவைத் தாண்டிய பின்

உள்ளே நுழைந்தவருக்கும் பாதை சமதளமன்று. 2004இல், பிரீமியர் நிறுவனத்தின் குறையுடைய டீசல் கார் புதியதென்று விற்கப்பட்ட வழக்கில், அது வெட்கக்கேடு என்றே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2006இல் மாருதி உத்யோக் வழக்கில், உத்தரவாதம் பழுதான உறுப்பை மாற்றித் தருவதற்கே, முழு வண்டியையும் மாற்றித் தருவதற்கன்று என்று கோடு கிழித்தது. 2021இல் டாட்டா மோட்டார்ஸ் வழக்கில், ஏற்கெனவே ஓடிய முந்தைய ஆண்டு வண்டியை முகவர் புதியதாக விற்றால், அதை அறியாத தயாரிப்பாளர் பொறுப்பல்லர் என்றது. 2011இல் வாங்கிய கார் அது. முடிவு வரப் பத்தாண்டுகள். மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்வதை இங்கே நினைவூட்ட வேண்டியதில்லை.

2022இல் ஹூண்டாய் வழக்கு வேறு திசை காட்டியது. விபத்தில் காற்றுப்பை விரியவில்லை. மோதலின் விசை போதவில்லை என்ற வாதத்துக்கு, வாங்குபவர் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் விடை சொன்னது. மாருதி வழக்கிலிருந்து இது வரையுள்ள பதினாறு ஆண்டுத் தொலைவு சிறிதன்று.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் சிலவற்றைத் தந்தது. குறையுடைய பொருளால் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர் ஏற்க வேண்டிய பொறுப்புக்குத் தனி அத்தியாயமே உண்டு. மனுதாரர் தாம் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். செலுத்திய விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வர வேண்டும் என்ற பழைய வரம்பு மாறவில்லை. சுயதொழில் விளக்கமும் அப்படியே இருக்கிறது.

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு அந்த ஓட்டுநரை அழைத்தோம். இந்த வண்டியை நீங்களே ஓட்டுவதால் வாதிட இடமிருக்கிறது; இரண்டு வண்டி வைத்திருக்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும்; வண்டி வாங்கி எத்தனை மாதம் ஆகிறது என்றோம். விரல் விட்டு எண்ணியிருக்க வேண்டும். சற்று நேரம் பேச்சில்லை. "இருவது முடிஞ்சுதுங்க. அப்ப நாலு மாசம் இருக்குதுங்களா சார்?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலிதீன் உறையோடு வீட்டுக்கு வந்தார். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுவதற்கு முன் விவரத்தைத் தமிழில் வரிசையாக எழுதித் தரச் சொன்னார். பதினோரு ஜாப் கார்டுகளையும் நாள், கிலோமீட்டர், சொன்ன குறை, செய்த வேலை என்று பட்டியலிட்டோம். வண்டி வாங்கிய நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டோம்.

"பொழப்புக்குத்தானுங்க. வேற எதுக்கு?"

'தாமே ஓட்டிப் பிழைப்பு நடத்தும் பொருட்டு' என்று எழுதினோம். 1993இல் சட்டத்தில் சேர்ந்த விளக்கமும் 1995இல் பீளமேட்டு எந்திர வழக்கில் வந்த தீர்ப்பும் அவருக்கு விட்டுவைத்த இடம் அந்த ஒரு வரிதான்.