கேம் அட்டைக்கு ஓர் உரை

செவ்ரோலெட் ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினுக்காக அமெரிக்காவின் காம்ப் கேம்ஸ் நிறுவனம் விற்கும் கேம்ஷாஃப்ட்களில் எக்ஸ்இ268ஹெச் மிகப் பரவலாக அறியப்பட்ட ஒன்று. அதோடு ஓர் அட்டை வரும். அதில் எண்களைத் தவிர அநேகமாக ஒன்றும் இராது. எஞ்சின் ஐடிலிங்கில் எப்படி நிற்கும், எந்த வேகத்தில் இழுக்கத் தொடங்கும், எங்கே மூச்சு முட்டும் என்பதெல்லாம் அந்த எண்களுக்குள்தான் இருக்கிறது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் லிஃப்ட், டியூரேஷன் இரண்டையும் படித்துவிட்டு அட்டையை மூடிவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுபவை அதற்குக் கீழே உள்ள வரிகள்.

வால்வு லிஃப்ட்: இன்டேக் 0.477, எக்ஸாஸ்ட் 0.480 அங்குலம்

கேமின் மூக்கு டேப்பட்டை 0.318 அங்குலம் தூக்குகிறது. 1.5 விகித ராக்கர் அதை 0.477 ஆக்குகிறது, அதாவது சுமார் 12.1 மில்லிமீட்டர். ராக்கரை மட்டும் 1.6-க்கு மாற்றினால் இதே கேம் 0.509 கொடுக்கும். ஐடிலிங்குக்கும் இந்த வரிக்கும் அதிகத் தொடர்பு கிடையாது. ஸ்பிரிங் தாங்குமா, ரீடெய்னர் வால்வு கைடில் இடிக்குமா என்று பார்த்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

டியூரேஷன்: 268, 280. டேப்பட் 0.050 அங்குலம் எழும்போது: 224, 230

ஒரே கேமுக்கு ஏன் இரண்டு கணக்கு? டேப்பட் 0.006 அங்குலம் எழுந்ததிலிருந்து அளந்தால், கிராங்க் 268 பாகை சுழலும்வரை இன்டேக் வால்வு திறந்திருக்கிறது. 0.050-இலிருந்து அளந்தால் 224. இரண்டுக்கும் இடையே உள்ள 44 பாகையும் வால்வு மெல்ல எழுந்து மெல்ல அமரும் ஓரப்பகுதி. இதே நிறுவனத்தின் பழைய 268ஹெச் கேமில் 268, 218 என்றிருக்கும். ஓரம் 50 பாகை. புதியது வால்வைச் சீக்கிரம் தூக்கிச் சீக்கிரம் இறக்குகிறது. ஆகவே மொத்த நேரம் கூடாமலே, காற்று தாராளமாகப் போகும் நேரம் கூடியிருக்கிறது. கேமுக்குக் கேம் ஒப்பிடுவோர் 268 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு எங்கும் போய்ச் சேராது.

இன்டேக் திறப்பு: டி.டி.சி.க்கு முன் 28. எக்ஸாஸ்ட் மூடல்: டி.டி.சி.க்குப் பின் 26

ஐடிலிங்கின் தலைவிதி இங்கேதான் எழுதப்படுகிறது. டி.டி.சி. என்பது பிஸ்டன் உச்சியைத் தொடும் புள்ளி. இரண்டு எண்களையும் கூட்டினால் 54. எக்ஸாஸ்ட் மூடுவதற்கு முன்பே இன்டேக் திறந்துவிடும் இந்தப் பொழுதைத்தான் ஓவர்லாப் என்கிறோம். பாகையை நேரமாக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். எஞ்சின் 750 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருப்பது 12 மில்லிவினாடி. 5,500-இல் 1.6 மில்லிவினாடி.

அந்த 12 மில்லிவினாடியில் என்ன நடக்கிறது? ஐடிலிங்கில் திராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் இன்டேக் மேனிஃபோல்டில் வலுவான வெற்றிடம். எக்ஸாஸ்ட் பக்கம் வெளிக்காற்றின் அழுத்தம். நடுவே இரண்டு கதவுகளும் திறந்திருக்கின்றன. எரிந்த புகை வெளியே போகாமல் சிலிண்டர் வழியாகத் திரும்பி இன்டேக் குழாய்க்குள் ஏறுகிறது. அடுத்த உறிஞ்சலில் புதுக் கலவையோடு அந்தப் புகையும் உள்ளே வருகிறது. புகை கலந்த கலவை மெதுவாக எரியும், சில சுற்றுகளில் சரியாக எரியாமலே போகும். ஒரு சிலிண்டர் தவறவிட, அடுத்தது ஓங்கி அடிக்க, எஞ்சின் நொண்டி நொண்டித் துடிக்கிறது. வாக்கும் கேஜை மாட்டினால், சாதாரண கேமில் 18, 20 பாதரச அங்குலத்தில் அசையாமல் நிற்கும் முள் இங்கே கீழிறங்கி நடுங்குவதைக் காணலாம்.

அந்தத் துடிப்பைத்தான் பலர் பவரின் ஓசை என்று ரசிக்கிறார்கள். அது பவருக்கான விலை, பவர் வேறு வரியில் இருக்கிறது. வெற்றிடம் குறைந்தால் பிரேக் பூஸ்டரின் உதவி குறையும், மிதி கனக்கும். ஹோலி கார்புரேட்டரில் 6.5 எண் பவர் வால்வு இருந்தால், வெற்றிடம் 6.5 அங்குலத்துக்குக் கீழே இறங்கும்போது அது திறந்து கூடுதல் பெட்ரோலை விடும். இதைவிடப் பெரிய கேமைப் போட்டு இந்த வால்வை மாற்றாமல் விட்டால் ஐடிலிங்கிலேயே பிளக்குகள் கரி பிடித்துப்போகும். மெதுவாக எரியும் கலவைக்கு ஈடாக ஐடிலிங்கில் இக்னிஷன் டைமிங்கையும் முன்னால் தள்ள வேண்டும். ஐடிலிங்குக்கும் மேல்வேகப் பவருக்கும் இடையிலான இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் ஹோண்டா 1989-இல் இன்டெக்ராவில் விடெக்கைக் கொண்டுவந்தது: கீழ்வேகத்துக்கு ஒரு கேம் முனை, மேல்வேகத்துக்கு வேறொன்று.

லோப் செப்பரேஷன்: 110

இது மட்டும் கேம் பாகை, மற்றவை கிராங்க் பாகை. இன்டேக், எக்ஸாஸ்ட் முனைகளின் உச்சிகளுக்கு இடையிலான கோணம். செவ்ரோலெட்டே 1965-இல் 327 கன அங்குல எல்79 எஞ்சினுக்குப் போட்ட கேமில் 0.050 கணக்கில் டியூரேஷன் 222. நம் 224-க்குப் பக்கத்தில்தான். ஆனால் அங்கே கோணம் 114. அதே 0.050 கணக்கில் நம் கேமின் ஓவர்லாப் 7 பாகை, எல்79-இல் கழித்தல் 6. எதில் ஐடிலிங் அமைதியாக இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்டேக் மூடல்: பி.டி.சி.க்குப் பின் 60

அட்டையில் ஒரே ஓர் எண்ணைத்தான் படிக்கலாம் என்றால் இதைப் படிப்பேன். பிஸ்டன் அடிமட்டத்தை, அதாவது பி.டி.சி.யை, தொட்டுத் திரும்பி மேலேறத் தொடங்கிய பிறகும் 60 பாகைவரை கதவு திறந்திருக்கிறது. குறைந்த வேகத்தில் ஏறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை வந்த வழியே தள்ளிவிடுகிறது. கம்ப்ரஷன் குறைகிறது, இழுவை குறைகிறது. அதிக வேகத்தில் கதை வேறு. வாய்க்காலில் விரைந்து வரும் நீர், எதிரே அடைப்பு வந்தாலும் முட்டி உயர்வதுபோல, குழாயில் ஓடிவரும் காற்று பிஸ்டன் எதிர்த்து ஏறும்போதும் உள்ளே திணிந்துகொண்டே இருக்கும். மூடல் தாமதமாகத் தாமதமாக எஞ்சினின் பலம் மேல்வேகத்துக்கு நகரும். நீண்ட டியூரேஷன் கேமோடு கம்ப்ரஷன் விகிதத்தையும் உயர்த்தச் சொல்வது இழந்ததில் கொஞ்சம் மீட்கத்தான்.

இன்டேக் சென்டர்லைன்: 106

சென்டர்லைன் என்பது டி.டி.சி.யிலிருந்து இன்டேக் முனையின் உச்சிவரை உள்ள கிராங்க் பாகை. லோப் கோணம் 110, சென்டர்லைன் 106. அதாவது 4 பாகை முன்தள்ளியே கேமைச் செதுக்கியிருக்கிறார்கள். டைமிங் செயினின் சக்கரத்தில் இன்னும் 4 பாகை முன்தள்ளினால் இன்டேக் மூடல் 56 ஆகும், கீழ்வேக இழுவை கூடும். ஓவர்லாப் அதே 54-தான். இழுவையை இப்படி நகர்த்தலாம், ஓவர்லாப்பை இந்த வழியில் குறைக்க முடியாது.

ஆர்.பி.எம்.: 1,600 முதல் 5,800 வரை

இது கேமை மட்டும் வைத்துச் சொன்ன கணக்கு கிடையாது. 350 கன அங்குல எஞ்சினை மனத்தில் வைத்து எழுதியது, சிலிண்டருக்கு ஏறக்குறைய 717 சி.சி. இதே கேமை 305-இல் போட்டால் சிலிண்டருக்கு 625 சி.சி.தான். நிரப்ப வேண்டியது குறைவு, திறந்திருக்கும் நேரம் அதே. எனவே ஐடிலிங் இன்னும் நொண்டும், இழுவை தாமதமாக வரும். 400-இல் சிலிண்டருக்கு 819 சி.சி. அங்கே இதே 268 சாதுவாக நிற்கும், சீக்கிரமே இழுக்கும், 5,800-ஐ எட்டும் முன்பே தளர்ந்துவிடும்.