தண்ணீர்ப் பந்தலும் நீலமலையும்

கோவையில் அவினாசிச் சாலை வழியே பீளமேட்டைக் கடந்து செல்வோர், ஹோப் காலேஜ் நிறுத்தத்தின் அருகே தண்ணீர்ப்பந்தல் சாலை என்னும் பெயரைக் கேட்டிருப்பர். இன்று அங்கே கண்ணில் படுவன கடைகளும் வாகன நெரிசலுமே. ஆயினும் இத்தகைய பெயர்கள் காரணமின்றி எழுவதில்லை. பாரவண்டியோடும் தலைச்சுமையோடும் மக்கள் காத தூரம் நடந்த நாள்களில், வழிப்போக்கர்க்கு நீர் வார்க்கும் இடம் பெரும் அடையாளமாய் விளங்கியது.

தமிழ் மண்ணில் இவ்வறம் மிகப் பழையது. திங்களூர் அப்பூதியடிகள், தாம் கண்டறியாத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்த வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியுள்ளார். சோழர் காலக் கல்வெட்டுகளிலோ வேறொரு செய்தி நம் கவனத்தை ஈர்க்கிறது. பந்தலுக்கென நிலம் விட்டவர்கள், "பந்தல் அமைக்க" என்று எழுதி நிறுத்திவிடவில்லை. நீர் கொண்டு வருபவருக்கும், அதனை ஊற்றிக் கொடுப்பவருக்கும், புதுப்பானை தரும் குயவருக்கும் நெல் அளக்க வழிசெய்தார்கள். பந்தலைத் திறப்பது ஒரு நாள் வேலை. கோடை முழுவதும் பானை வறளாமல் காப்பதே உண்மையான வேலை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு அது தெரியாமற் போயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் இளைஞர்கள் கோயில் வாசலில் பந்தல் இட்டார்கள். நான் மந்திரித்துத் திறந்து வைத்தேன். நிழற்படமும் எடுத்துக் கொண்டோம். பத்தாம் நாள் பானையில் பாசி படர்ந்திருந்தது; பன்னிரண்டாம் நாள் பானையே இல்லை. அக்கினி நட்சத்திரம் தொடங்க அப்போது இன்னும் ஒரு வாரம் இருந்தது.

கொங்கு நாட்டின் வெயிலுக்குத் தனி இயல்பு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்து நிறுத்துவதால் இது மழைமறைவு நிலம். பாலக்காட்டுக் கணவாய் என்னும் ஒரே வாயில் வழியாக வரும் காற்றுதான் கோவையைக் குளிர்விக்கிறது. கிழக்கே செல்லச் செல்ல நிலம் தாழ்கிறது, வெம்மை ஏறுகிறது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஈரோட்டில் வெப்பம் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியதை நம்மில் பலரும் மறந்திருக்க மாட்டோம்.

இந்த வெம்மைக்கு ஆங்கிலேயர் கண்ட தீர்வு வேறு. 1819இல் கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலமலை ஏறினார். (அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1603இல், இயேசு சபைக் குரு ஜாக்கமோ ஃபெனிச்சியோ அம்மலைக்குச் சென்றார், அவர் தேடியது குளிரை அன்று, மறந்துபோன கிறிஸ்தவர்கள் எவரேனும் அங்கு உண்டா என்பதை.) 1822இல் உதகையில் சல்லிவன் தம் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். பின்னர் சென்னை மாகாண அரசே கோடைதோறும் அங்கே குடியேறியது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் புகைவண்டி ஏறிற்று. சல்லிவன் மலையில் பயிரும் ஏரியும் கண்டவர். அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் வசதி உள்ளவர் மலை ஏறினர், மற்றவர் பந்தலின் நிழலை நம்பினர் என்பது வரலாறு. இன்று மலையின் இடத்தைக் குளிர்சாதனப் பெட்டி பிடித்துக் கொண்டது. பந்தலின் இடத்தை எது பிடித்தது? சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கூடங்களிலும், கோவையின் வார்ப்படப் பட்டறைகளிலும், தகரக் கூரையின் கீழும் உழைப்போரைத்தான் கேட்க வேண்டும்.

உடல் தன்னைக் குளிர்விக்கும் முறை மண்பானையின் முறையே. பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. வியர்வை உலரும்போது உடலும் அவ்வாறே குளிர்கிறது. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், உப்பிட்ட நீர்மோரும் நீராகாரமும் கொடுத்த நம் பாட்டிமார் செய்தது சரியே. முதியோர்க்குத் தாக உணர்வே மங்கிவிடுகிறது. அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நாமே கொடுக்க வேண்டும். உடல் வெப்பம் 40 டிகிரியைக் கடந்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெறும் மயக்கமன்று, உயிருக்கு ஆபத்து. நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீரூற்றி விசிறியவாறே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

2003 ஆகஸ்டில் ஐரோப்பாவை வெப்ப அலை தாக்கியபோது பிரான்சில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர், பெரும்பாலோர் முதியோர். பிள்ளைகள் விடுமுறைக்குச் சென்றிருந்தனர். செப்டம்பர் 3 அன்று, எவரும் உரிமை கோராத 57 உடல்கள் பாரிசை அடுத்த தியே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டன. நாட்டின் அதிபர் ஷிராக் நேரில் வந்து நின்றார். உறவினர்தாம் வரவில்லை. செல்வ நாட்டில் அவர்களைக் கொன்றது வெயில் மட்டுமன்று.

தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறப்போர் குடும்பத்திற்கு நான்கு இலட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. வரவேற்கத் தக்கதே. எனினும் அது இறந்த பின் வருவது.

அடுத்த கோடையில் நாங்கள் வேறு வழி கொண்டோம். தனியே வாழும் விதவைத் தாய் ஒருவருக்கு நாட்கூலி பேசி, காலையும் நண்பகலும் பானைகளை நிரப்பும் பொறுப்பை ஒப்படைத்தோம். உண்டியலின் ஒரு பங்கு அதற்கென ஒதுக்கப்பட்டது. அன்பியத்துக்கு இருவர், அவர் கொடுத்த மோருடன் தனித்திருக்கும் முதியோர் வீடுகளுக்கு நாள்தோறும் மூன்று மணிக்குச் சென்று வந்தனர். பானைகள் இரண்டு முறை உடைந்தன; குயவரிடம் மூன்றாம் முறை வாங்கினோம். ஜூன் மாதத்தில் கணவாய்க் காற்று வீசத் தொடங்கிய அன்று, அந்தத் தாய் பானைகளைத் தேய்த்துக் கழுவி, கோயிலின் பின்புறத் தாழ்வாரத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார்.